கிருபையும் நியாயத்தீர்ப்பும்: வேதபாட வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், இடையன்குடி என்று வேதபாட வகுப்பு எடுக்கப் போகிற இடங்களில் எல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வகுப்பு நடக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. ஜெபம் முடிந்து, காப்பி டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வருகின்றன, அவையும் ஊருக்கு ஊர் ஏறத்தாழ அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். இது அந்த நோட்டிலிருந்து எடுத்தது.

நான் குருவானவர் அல்லன், சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் சபையின் சார்பு என் பதில்களில் இருக்கத்தான் செய்யும். மற்றச் சபையார் வேறாகச் சொல்லும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன். வசனங்கள் நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

“கிருபை, இரக்கம், அருள்னு மூணு வார்த்தை சொல்லுதீய. எல்லாம் ஒண்ணுதானே?”

கிருபையும் அருளும் ஒன்றே. நம் பழைய வேதாகமத்தில் “கிருபை பெற்றவளே, வாழ்க” என்று தூதன் சொல்வதைத்தான் கத்தோலிக்கர் “அருள் நிறைந்த மரியே” என்று ஜெபிக்கிறார்கள். இரக்கம் மட்டும் சற்றே வேறு. நமக்கு வரவேண்டிய தண்டனை வராமல் நிற்பது இரக்கம் என்றும், நமக்குச் சேரவேண்டியதில்லாத நன்மை வந்து சேர்வது கிருபை என்றும் பிரசங்கிகள் பிரித்துச் சொல்வார்கள். வேதம் எல்லா இடத்திலும் இப்படிக் கோடு போட்டுப் பேசுவதில்லை என்றாலும், புரிந்துகொள்ள இந்தப் பிரிவு உதவும்.

நம் ஊர் ஆலயத்தில் எல்லாருக்கும் பந்தி வைக்கும் அசனப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்தவனிடம் சங்கக் காணிக்கை (சபைச் சந்தா) கட்டினாயா என்று கேட்டுவிட்டு யாரும் இலையில் சோறு வைப்பதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற பையனுக்கு இலை மட்டுமே தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. அண்டாவுக்கு அரிசி கொடுத்தவர் அருகிலேயே வெறுங்கையோடு வந்தவரும் அதே கறிக்குழம்பைப் பிசைந்து சாப்பிடுகிறார். கிருபைக்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உவமை நம் பக்கத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

“நியாயத்தீர்ப்புன்னாலே வயித்துல பகீர்ங்குது. அது தண்டனை குடுக்கிற நாள்தானே?”

தண்டனை அதில் ஒரு பகுதி, முழுமை அன்று. 96ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காக வயல்வெளி களிகூருகிறது, காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. தண்டனை நாளுக்கு எந்த மரமாவது பாடுமா? கோணலாகிக் கிடப்பதை நேராக்கும் நாள் என்பதால்தான் அந்தப் பாட்டு. லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலில் தனக்கு நியாயம் கேட்டே நிற்கிறாள்.

கூலி மறுக்கப்பட்டவனுக்கும், பேர் கெடுக்கப்பட்ட பெண்ணுக்கும், பொய் வழக்கில் சிக்கியவனுக்கும் நியாயத்தீர்ப்பு நற்செய்தியாகவே கேட்கும். பகீர் என்பது பெரும்பாலும் நம் கையில் இன்னொருவருடைய பங்கு இருக்கும்போதுதான்.

“பழைய ஏற்பாட்டுல தேவன் கோபக்காரரா இருக்காரு, புதுசுல அன்பானவரா இருக்காரு. ரெண்டு பேரா?”

இந்த எண்ணம் புதியதன்று. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் ரோமாபுரியில் ஏறத்தாழ இப்படியே போதித்தார். பழைய ஏற்பாட்டை முழுவதுமாகத் தள்ளிவிட்டார். திருச்சபை அவரை விலக்கியது, பழைய ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. காரணம் எளிது. “இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்” என்ற அறிவிப்பு யாத்திராகமம் 34இல், சீனாய் மலையில் கேட்கிறது. நினிவேயைத் தேவன் மன்னித்துவிட்டாரே என்று யோனா முகம் சுளிப்பதும் பழைய ஏற்பாட்டிலேயே.

மறுபக்கம், நரகம் என்று நாம் வாசிக்கும் “கெஹன்னா” என்ற சொல் புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வருகிறது. அவற்றில் 11 இயேசுவின் வாயிலிருந்து வருபவை. எஞ்சிய ஒன்று யாக்கோபு நிருபத்தில். அன்பைப் பற்றி அதிகம் பேசியவரே தீர்ப்பைப் பற்றியும் அதிகம் எச்சரித்தார் என்பதை மறைத்துவிட்டு இரண்டையும் பிரித்து வைக்க முடியாது.

“ஞானஸ்நானம் ஆச்சு, திடப்படுத்தல் ஆச்சு, சங்கக் காணிக்கையும் பாக்கி இல்ல. எனக்கு எதுக்கு பயம்?”

இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நான்கு ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பங்களில் இந்தக் கணக்கு மனசு எளிதில் வந்துவிடும். முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு 1799இல் உருவானது. பாளையங்கோட்டைச் சபையைத் தொடங்கிய கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்றது 1778இல். இத்தனை நீண்ட பாரம்பரியத்தில் ஆசீர்வாதமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

லூக்கா 18இல் ஜெபிக்கப் போன பரிசேயனிடமும் பாக்கி எதுவும் இல்லை. தசமபாகம் வரை சுத்தம். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பியதோ “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்று மார்பில் அடித்துக்கொண்ட, வரி வசூலிக்கும் ஆயக்காரன். பேதுருவோ, நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று எழுதுகிறார். அதாவது முதல் வரிசையில் இருப்பவர்கள் நாம். ரசீதுகள் அங்கே செல்லுபடியாகா.

“கிருபையாலதான் இரட்சிப்புன்னா, நல்லவனா இருந்து என்னத்துக்கு? இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணுதானே?”

பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே” என்பது ரோமர் 6இல் அவருடைய பதில். எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் 8, 9ஆம் வசனங்களை மனப்பாடம் செய்கிறோம்: கிருபையினாலே இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல. அடுத்த வசனத்தை ஏனோ விட்டுவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது அது. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி நடத்துகிறவர்கள் 10ஆம் வசனத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பாதி குழப்பம் தீரும்.

முதல் பதிலில் சொன்ன அசனத்துக்கே திரும்பி வருகிறேன். சாப்பிட்டதற்கு விலை என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவன், அடுத்த பந்திக்கு நிற்கிற பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போவானேயானால், அவன் உண்டது உடம்பில் ஒட்டவில்லை என்றுதானே சொல்வோம்? கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வது இதைத்தான். வேர் கிருபை, காய் கிரியை. காய்க்காத மரத்தைப் பார்த்து வேரைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

“ஆர்.சி. ஒண்ணு சொல்லுதாங்க, நம்ம ஐயர் ஒண்ணு சொல்லுதாரு, பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒண்ணு சொல்லுதாரு. யாரு சொல்லுறது சரி?”

ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கர், ஐயர் என்று நாங்கள் சொல்வது எங்கள் சபைக் குருவானவரை. நம் வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுச் சண்டை அன்று. கடற்கரையில் பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து நடந்த மணப்பாடு முதலான கத்தோலிக்க ஊர்கள். உள்ளே தேரிக்காட்டுப் பக்கம் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷன் சங்கங்களின் மிஷனெரிகள் வழி வந்த சபைகள். இன்று தெருவுக்கு ஒரு ஜெபவீடு. ஒரே வீட்டில் மூன்றும் உண்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மனிதன் தன் முயற்சியால் நீதியாய் நடக்க முடியும் என்று பெலாகியுஸ் சொன்னார். கிருபை முந்தி வராமல் நம்மால் ஓர் அடி எடுத்து வைக்க இயலாது என்று அகஸ்டீன் மறுத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. கத்தோலிக்கர் “கிரியையால் இரட்சிப்பு” என்கிறார்கள் என்று நம் மேடைகளில் சொல்லப்படுவது நியாயமான பேச்சன்று. அவர்களும் கிருபையிலிருந்தே தொடங்குகிறார்கள். சீர்திருத்தவாதி லூத்தர் 1517இல் தொடங்கிய வாதம் கிருபை வேண்டுமா என்பதைப் பற்றியதன்று. நீதிமான் என்று தேவன் அறிவிப்பதோடு நீதிமானாக்கப்படுதல் முடிகிறதா, அல்லது நம்மை உள்ளே நீதிமானாக மாற்றுவதும் அதில் அடங்குமா, அதில் நம் ஒத்துழைப்புக்கு இடம் என்ன என்பனவே முடிச்சு. விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று ஆங்கிலிக்கரின் 39 பிரமாணங்களில் 11ஆவது சொல்கிறது. கிருபையோடு மனிதன் ஒத்துழைக்கிறான் என்று கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் 1547இல் வரையறுத்தது. ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று, ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதன் அடிப்படைகளில் தங்களுக்கு உடன்பாடு உண்டு என்று கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும், மனந்திரும்பிய நாளைச் சொல்ல முடியவேண்டும் என்றும், பெற்ற இரட்சிப்பை இழக்கவும் கூடும் என்றும் போதிக்கிறார்கள். கால்வின் வழியினர் இழக்க முடியாது என்பார்கள்.

தமிழருக்கு இந்த வாதம் அந்நியமானதன்று. ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வைணவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியா, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிட்டிருக்கிறார்கள். “இரட்சணிய யாத்திரிகம்” என்ற கிறிஸ்தவக் காவியத்தைப் பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை நம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. யார் சரி என்று கேட்டால், நான் பூனைக்குட்டியின் பக்கம். ஆனால் கவ்விய வாயில் குட்டி துள்ளிக்கொண்டே இருந்தால் தாய்க்கு வலிக்கும் என்பதையும் மறக்கவில்லை.

“ஒருத்தன் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தர் தண்டனை வாங்கினா அது நியாயமா? கோர்ட்ல ஒத்துக்குவாங்களா?”

கோர்ட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தேவன் மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து நம் இடத்தில் நிறுத்தினார் என்று சொன்னால் அது அநியாயமே. திருச்சபை சொல்வது அதுவன்று; நியாயாதிபதியே இறங்கி வந்து நட்டத்தைத் தம்மேல் ஏற்றார் என்பது. கொலோசெயர் 2:14 “நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து” என்கிறது. அந்தக் கையெழுத்து என்பது கிரேக்கத்தில் கடன் பத்திரத்தைக் குறிக்கும் சொல்.

என் பாட்டனார் பனையேறி. அவர் கைநாட்டு வைத்த புரோநோட்டு ஒன்றைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் பெருவிரல் ரேகை மங்கிப்போயிருந்தது. நடுவில் குறுக்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. கடன் கொடுத்தவர் தம் கடைசிக் காலத்தில் பாட்டனாரைக் கூப்பிட்டு, அவர் கண்முன் கிழித்துக் கையில் கொடுத்தாராம். நாங்கள் அதைக் கொண்டாடினோம். அந்தப் பணம் எங்கே போயிற்று என்று நான் யோசித்தது பல வருடங்கள் கழித்துத்தான். கடன் காற்றில் மறைவதில்லை. கட்டவேண்டியவன் கட்டாவிட்டால், கொடுத்தவன் வீட்டில் அவ்வளவு குறையும். மன்னிப்பு என்றால் யாரோ ஒருவர் அந்தக் குறைவைச் சுமக்கிறார் என்று பொருள். சிலுவையில் சுமந்தவர் கடன் கொடுத்தவரே.

“ஆயுசு முழுக்க அநியாயம் பண்ணிட்டு, சாகும்போது மனந்திரும்பினா மோட்சமா? அப்ப நாங்க எல்லாம் இளிச்சவாயனா?”

இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்தது, ஆகவே ஆம். இதில் உள்ள எரிச்சலும் வேதத்துக்குத் தெரியும். மத்தேயு 20இல் காலையிலிருந்து வெயில் சுமந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் அதே ஒரு பணம். எஜமான் அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் கடைசி நேரத்துக்கென்று திட்டம் போட்டு வைப்பது வேறு. மனந்திரும்புதல் என்பது சாகும்போது உச்சரிக்கும் வார்த்தை அன்று, மனம் திரும்புவது. அறுபது வருடம் ஒரு பக்கமே திரும்பிப் பழகிய கழுத்து கடைசி நாளில் மறுபக்கம் திரும்பும் என்று எதை நம்பிச் சொல்வது?

“2023 டிசம்பர் வெள்ளம் தேவனுடைய தண்டனைன்னு ஒரு கன்வென்ஷன்ல சொன்னாங்க. அப்படியா?”

அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது, ஏழை வீடுகளே முதலில் மூழ்கின. அவர்கள்தாம் மற்றவர்களைவிடப் பாவிகளா? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசுவிடம் வந்தவர்களுக்கும் இதே எண்ணம் இருந்தது. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று லூக்கா 13இல் இயேசு தெளிவாகச் சொல்லிவிட்டு, “நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்” என்று பேச்சைக் கேட்டவர்கள் பக்கமே திருப்பினார்.

ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே ரயில் நின்றுபோனபோது, சுற்றுவட்டாரத்துக் கிராமத்தார் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். மத்தேயு 25இல் ராஜா கேட்கப்போகும் கேள்வி, பசியாயிருந்தேன், போஜனம் கொடுத்தீர்களா என்பது. அந்தக் கேள்விக்கு அந்த ஊரார் பதிலை எழுதிவிட்டார்கள். மேடையில் தண்டனை என்று முழங்கியவர்கள் எழுதினார்களா என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

“எங்க பூட்டன் இயேசு பேரைக் கேள்விப்படாமலே செத்துட்டாரு. அவரு நரகத்துலயா?”

நம் எல்லார் குடும்பத்திலும் பின்னோக்கிப் போனால் இந்தக் கேள்வி நிற்கிறது. கிறிஸ்துவை அறிக்கையிடாமல் இரட்சிப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்லும் சபையார் உண்டு. அப்போஸ்தலர் 4:12ஐக் காட்டுவார்கள். தம்மீது குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சியின்படி தேவனைத் தேடியவர்களும் மீட்படையக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சொன்னது. நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றி ரோமர் 2உம் பேசுகிறது.

என் மனம் ஆபிரகாமின் வார்த்தையில் போய் நிற்கிறது: “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?” பூட்டனுக்குத் தீர்ப்பு எழுதும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. கேட்டும் கேளாதவர்போல் இருக்கும் நம்மைப் பற்றியே வேதம் அதிகம் கவலைப்படுகிறது. நான்காவது பதிலைப் பாருங்கள்.

“தானே உயிரை மாய்ச்சிக்கிட்டவங்களுக்கு மன்னிப்பு இல்லைன்னு சொல்லுதாங்களே?”

இதைக் கேட்டவர் ஒரு தாய். ஆகவே முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: அப்படி வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. இப்படி இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனையை வாசிக்கக்கூடாது என்று 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்க ஜெபப்புத்தகத்தில் குறிப்பு இருந்தது. அந்தப் பழைய கடுமையின் நிழல்தான் நம் கல்லறைத் தோட்டங்களில் இன்னும் நிற்கிறது. அவர்களுடைய நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்று இப்போதைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது.

மனம் நோயுற்றவரின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்து வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர் தேவன் அல்லர். மரணமோ ஜீவனோ கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்காது என்ற ரோமர் 8இல் எந்த விதிவிலக்கும் இணைக்கப்படவில்லை. இப்படி ஓர் எண்ணம் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

“எங்க அண்ணன் கள்ளக் கையெழுத்துப் போட்டு என் பங்கு விளை நிலத்தையும் சேத்து வித்துட்டாரு. ‘கிருபையா இரும்மா, கேஸை வாபஸ் வாங்கு’ன்னு சபையில சொல்லுதாங்க. வாங்கணுமா?”

நான் கேட்டவற்றில் மிகக் கடினமான கேள்வி இது. கிருபை, பொய்யை மெய் என்று ஒத்துக்கொள்வதன்று. ஆயக்காரன் சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனபோது கிருபை முந்திக்கொண்டது. ஆனால் அது உள்ளே நுழைந்ததும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்ற சத்தம் உள்ளிருந்து கேட்டது. திருப்பிக் கொடுக்கிற எண்ணமே இல்லாத அண்ணனுக்குத் தங்கை மட்டும் கிருபையாக இருக்கவேண்டும் என்பது, பலவீனமானவள் தலையில் சமாதானத்தின் செலவைக் கட்டுவதாகும். நம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. சகோதரன் சகோதரனோடு வழக்காடுவதை 1 கொரிந்தியர் 6இல் பவுல் கண்டிக்கிறார், அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக்கூடாதா என்றும் கேட்கிறார். ஆனால் அவர் முதலில் வெட்கப்படுத்துவது சபையைத்தான்: சகோதரருக்குள்ளே வழக்குத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று. ஆகவே வாபஸ் வாங்கு என்று சொல்கிறவர்கள், அதற்கு முன் உட்கார்ந்து பத்திரத்தைப் படித்திருக்கவேண்டும். அந்த அம்மாவின் வில்லங்கச் சான்றிதழை அதுவரை சபையில் ஒருவரும் வாங்கிப் பார்த்திருக்கவில்லை; மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்த அதை என்னிடம் நீட்டினார்கள். அதை நகல் எடுத்துச் சேகரக் கமிட்டிக்கு (பல சபைகள் சேர்ந்த வட்டாரக் குழுவுக்கு) கொண்டுபோகச் சொன்னேன். அவர்கள் இரு பக்கமும் விசாரித்து நியாயம் செய்தால் வழக்கை விட்டுவிடலாம், மறுத்தால் நடத்தவேண்டியதுதான். அண்ணன் மகளுக்கு வைகாசியில் கல்யாணம், போகலாமா என்று அடுத்துக் கேட்டார்கள். போங்கள், செய்முறையும் செய்யுங்கள் என்றேன்.